ஆறரை அடிப் பலகையில் ஒரு ரொட்டித் தொழிற்சாலை: ஷன்டிங் மாதிரி ரயில் அமைப்பது எப்படி?

மாதிரி ரயில் வாங்கியதும் பலரும் வட்டமாகத் தண்டவாளம் போடுவார்கள். ரயில் சுற்றும், சீக்கிரமே சலிக்கும். ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வேகன்களைப் பிரித்து, கோத்து, உரிய இடத்தில் நிறுத்தும் இந்த வேலைதான் ஷன்டிங். ஒரு எஞ்சினும் எட்டு வேகனும் போதும்.

முதலில் தொழிலைத் தேர்ந்தெடுங்கள், தண்டவாளம் அப்புறம். என் தேர்வு 1960களின் அமெரிக்க ரொட்டித் தொழிற்சாலை. மாவு, தூள் சரக்கு ஏற்றும் மூடிய ஹாப்பர் வேகனில் வரும், சோளப் பாகு டேங்கரில், அட்டைப்பெட்டிகள் பாக்ஸ்கார் எனும் மூடிய பெட்டி வேகனில். மாவு வேகன் உறிஞ்சு குழாய்க்கு நேராக நிற்க வேண்டும், டேங்கர் பம்புக்கு எதிரே, பாக்ஸ்கார் கிடங்குக் கதவில். வரிசை மாறி வந்தால் இழுத்து, பிரித்து, மறுபடி கோக்க வேண்டும். விளையாட்டே அதுதான்.

அடுத்தது தட வரைபடம். இங்கிலாந்தின் ஆலன் ரைட் உருவாக்கிய ‘இங்கிள்நூக்’ அமைப்பை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன். இரண்டு பாயிண்ட் (தடம் பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் பக்கத்தடம்). ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் இழுதடத்தில் எஞ்சினோடு மூன்று வேகன் மட்டுமே நிற்கும். எட்டு வேகனில் ஐந்தைக் குறித்த வரிசையில் கோப்பதுதான் புதிர்; அப்படி 6,720 வரிசைகள் உண்டு. இழுதடத்தை ‘கொஞ்சம் நீட்டலாமே’ என்று தோன்றும். நீட்டாதீர்கள், சவால் போய்விடும்.

ஐந்து வேகன் தடத்தில் ரயில் வந்து புறப்படட்டும். ஒரு குட்டைத் தடம் ரொட்டித் தொழிற்சாலைக்கு. இன்னொன்று, சொந்த சைடிங் இல்லாத கடைக்காரர்கள் லாரி கொண்டுவந்து சரக்கு எடுக்கும் பொதுத்தடம். அங்கே மரம், இயந்திரம், எது வந்தாலும் பொருந்தும்.

அளவு எச்ஓ, அதாவது 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நாற்பது அடி பாக்ஸ்கார் இதில் 14 செ.மீ., வேகன்களை இணைக்கும் கப்ளரோடு சுமார் 15.5. இப்படிக் கூட்டினால் 2 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலப் பலகையில் அடங்கிவிடும். ஒட்டுவதற்கு முன் தண்டவாளத்தைச் சும்மா பரப்பி, வேகன்களைக் கையால் தள்ளிப் பாருங்கள். பக்கத்துத் தடத்து வேகன் உரசாமல் போக வேண்டும்.

செலவைச் சுருக்க நினைத்தாலும் பாயிண்டில் வேண்டாம். நடுவில் பிளாஸ்டிக் உள்ள பாயிண்டில், மெதுவாகப் போகும் சிறிய எஞ்சின் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். நடுப்பகுதி உலோகமாக, மின்சாரம் பாய்வதாக இருக்கட்டும். சக்கரங்களும் உலோகம்தான் நல்லது.

சரி, எந்த வேகன் எங்கே போகும்? ஒவ்வொரு வேகனுக்கும் பை வைத்த ஒரு அட்டை செய்யுங்கள். பைக்குள் நான்கு முகம் உள்ள சீட்டு: ‘மாவு, ரொட்டித் தொழிற்சாலை, குழாய்’, அடுத்த முகத்தில் ‘காலி, திரும்ப ரயிலுக்கு’, இப்படி. ஒரு முறை ஓட்டி முடித்ததும் சீட்டைத் திருப்பிவிட்டால் அடுத்த நாள் வேலை தயார்.

ஓட்டும்போது அவசரம் கூடாது. நிஜத்தில் மணிக்கு 16 கி.மீ. வேகம் என்றால் இங்கே விநாடிக்கு 5 செ.மீ.தான். இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாதி மாவு இறக்கிய ஹாப்பரை வழிக்காக நகர்த்தினால், கிளம்புவதற்கு முன் அதே குழாயடியில் திரும்ப நிறுத்தியாக வேண்டும்.