யூத அமைப்புகளின் கோடைக்கால ஃபெலோஷிப்: இளநிலை மாணவர்கள் விண்ணப்பிக்கும் முறை

அமெரிக்காவில் யூத சமூகத்தின் சார்பில் அரசிடமும் பிற சமூகத்தாரிடமும் பேசும் அமைப்புகளில் சில, இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்களைக் கோடை விடுமுறையில் உதவித்தொகையுடன் பணியில் சேர்த்துக்கொள்கின்றன. அறிவிப்பைப் பார்த்த கையோடு ஒரே கடிதத்தை எல்லா அமைப்புகளுக்கும் அனுப்பிவிட்டால், தேர்வுக் குழுவினர் அதை முதல் பத்தியிலேயே கண்டுகொள்வார்கள். ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே, எந்த அமைப்பு எந்த வேலையை எந்த வழியில் செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1906இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் ஜூயிஷ் கமிட்டி, வெளிநாட்டுத் தூதர்களோடும் பிற மதத் தலைவர்களோடும் உறவு பேணுவதில் தனிக் கவனம் செலுத்துகிறது. அதன் கோல்ட்மன் ஃபெலோஷிப் இத்துறையில் நன்கு அறியப்பட்டது. 1913இல் உருவான ஆன்டி டெஃபமேஷன் லீக், யூத வெறுப்புச் சம்பவங்களைத் திரட்டிப் பதிவு செய்கிறது. சீர்திருத்த யூதப் பிரிவின் வாஷிங்டன் அலுவலகமான ரிலீஜியஸ் ஆக்‌ஷன் சென்டர், குடிமை உரிமை, குடியேற்றம் போன்ற பொதுப் பிரச்சினைகளில் சமய நோக்கிலிருந்து வாதாடுகிறது. அமெரிக்காவின் இஸ்ரேல் கொள்கையைப் பற்றிப் பேசும் ஐபாக், ஜே ஸ்ட்ரீட் ஆகிய இரண்டின் நிலைப்பாடுகளும் பெரிதும் வேறுபட்டவை என்பதால், இரண்டுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லி விண்ணப்பிக்க இயலாது. பெரிய பெயர்களைத் தேடி ஓடுபவர்கள் பல நகரங்களில் இயங்கும் யூத சமூக உறவு மன்றங்களைக் கவனிப்பதில்லை. மேயர் அலுவலகம், பள்ளி வாரியம், தேவாலயம், பள்ளிவாசல் என்று நேரடியாகப் பழகும் வாய்ப்பு அத்தகைய சிறிய அலுவலகங்களில்தான் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் கருத்து.

கோடைப் பணிக்கான விண்ணப்பக் காலம் பெரும்பாலும் முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடம் டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தேர்வைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கட்டுரைதான். “சிறு வயது முதலே நீதியில் எனக்கு ஆர்வம் உண்டு” என்று தொடங்கும் கட்டுரையால் பயனில்லை. ஒரு குறிப்பிட்ட கொள்கைப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அது நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கான பாதுகாப்பு மானியத் திட்டத்தைப் பாருங்கள். தாக்குதல் அபாயமுள்ள ஜெபாலயங்களும் (யூத வழிபாட்டு இடங்கள்) பிற வழிபாட்டு இடங்களும் கண்காணிப்புக் கேமரா, உறுதியான கதவு போன்றவற்றை அமைக்க இத்திட்டம் உதவுகிறது. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் ஜெபாலயத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு இதன் மீதான கவனம் பெருகியது. பணத்தைக் கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா வழங்கினாலும், ஜெபாலயம் தன் மாநில அரசின் முகமை வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். முழுநேர ஊழியர் இல்லாத ஒரு சிறிய ஜெபாலயத்துக்கு அந்தப் படிவங்களே தடையாகலாம் என்றும், அதை எளிதாக்க எந்த அலுவலகத்தை அணுகலாம் என்றும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டும் மாணவரைத் தேர்வுக் குழு எளிதில் மறக்காது. பணியில் சேர்ந்த பின்னரும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவருடைய உதவியாளரைச் சந்திக்கும் முன் தயாரிக்க வேண்டிய குறிப்பு ஏறத்தாழ இதே வடிவில்தான் இருக்கும்.

வரிவிலக்கு பெற்ற அறக்கொடை நிறுவனங்கள் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது 1954 முதல் சட்டம். சட்டமுன்வரைவுகளைக் குறித்து ஓரளவு வாதாட மட்டுமே அவற்றுக்கு அனுமதி உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் தேர்தல் பிரசார அனுபவத்தையே கட்டுரை முழுவதும் அடுக்குவது பொருத்தமற்றது.

யூதரல்லாத மாணவர்கள் தகுதி விதிகளைத் தனித்தனியே படிக்க வேண்டும். இது அமைப்புக்கு அமைப்பு மாறும். எஃப்-1 என்னும் வெளிநாட்டு மாணவர் விசாவில் படிப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தை முன்கூட்டியே அணுகிப் பேசுவது கட்டாயம். பாடத்திட்டத்தோடு இணைந்த செய்முறைப் பயிற்சிக்கான அனுமதி, பணி தொடங்கும் நாளுக்கு முன்பே, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்த பிறகே அது கிடைக்கும். உதவித்தொகைக்குப் பெரும்பாலும் வரி உண்டு என்பதையும், வாஷிங்டன், நியூயார்க் வாடகை அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வாஷிங்டனில் சில பல்கலைக்கழகங்கள் கோடையில் தங்கள் விடுதி அறைகளை வெளி மாணவர்களுக்கும் வாடகைக்கு விடுகின்றன.

நேர்முகத் தேர்வில் சமூகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு நிலவும் விஷயங்களைக் கேட்கக்கூடும். சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூத இனப்படுகொலை) நினைவுக் கூட்டணி 2016இல் ஏற்ற யூத வெறுப்பு வரையறையை எடுத்துக்கொண்டால், வெறுப்பை அடையாளம் காண அது தேவை என்று ஒரு சாராரும், இஸ்ரேல் மீதான விமர்சனத்தை அடக்க அது பயன்படும் என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். உங்கள் நிலைப்பாடு எதுவானாலும், எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில் எடுத்துச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வு முடிந்து பதில் தாமதமானால் உடனே பதற வேண்டாம். வெள்ளி சூரியன் மறைவு முதல் சனி இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் பல அலுவலகங்கள் வெள்ளி பிற்பகலிலேயே மூடப்படும். தேர்வு நடக்கும் வசந்த காலத்தில்தான் பஸ்கா பண்டிகையும் வரும். நினைவூட்டும் மின்னஞ்சலைப் பண்டிகை முடிந்த பின், வாரத்தின் நடுப்பகுதியில் அனுப்பலாம்.