கடல்நாய்க் கணக்கு: கரையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

‘இந்த ஆண்டு கடல்நாய்க் குட்டிகள் அதிகம், இனம் பெருகுகிறது’ என்று ஒரு செய்தி வரும். அடுத்த ஆண்டே ‘குட்டிகள் குறைந்தன, இனம் அழிகிறது’ என்று இன்னொன்று வரும். இரண்டையும் நான் உடனே நம்புவதில்லை. குட்டிகளை எண்ணுவதில் தவறில்லை. பெரும்பகுதி காலத்தைக் கடலில் கழிக்கிற பிராணி, குட்டி போடவும் ரோமம் உதிர்க்கவும்தான் கூட்டமாகக் கரையேறும். அப்போது எண்ணினால்தான் உண்டு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாம் போடுகிற கணக்கில்தான் கோளாறு.

முதல் தவறு, ஒரே நாளில் எண்ணிவிட்டு அதுதான் மொத்தம் என்பது. பிரிட்டனின் சாம்பல் கடல்நாயைப் பாருங்கள். வெள்ளை ரோமத்தோடு பிறக்கிற குட்டி சுமார் 14 கிலோ இருக்கும். தாய்ப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு என்பதால் நாளுக்கு இரண்டு கிலோ வரை எடை ஏறும். தாய் ஏறத்தாழ 18 நாள் பால் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி இன்னும் சில வாரம் பட்டினியாகக் கரையில் கிடந்து, வெள்ளை ரோமம் உதிர்ந்த பிறகு தானே இறங்கும். ஆனால் ஒரு கரையில் பிறப்புகள் வாரக்கணக்கில் நீள்கின்றன. முதலில் பிறந்தவை கிளம்பிப் போகும்போது கடைசிக் குட்டிகள் பிறந்தே இருக்காது. கல்யாண வீட்டில் ஒரு பந்தியை எண்ணிவிட்டு, வந்தவர்கள் இவ்வளவுதான் என்று எழுதிக்கொள்வது போலத்தான் இது.

வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருந்தார்கள். சில நாளுக்கு ஒருமுறை போய், புதிதாகப் பிறந்த குட்டிகளின் மேல் சாயம் தெளிப்பார்கள். அடுத்த முறை வேறு நிறம். சாயமில்லாத குட்டி கண்ணில் பட்டால் அது போன முறைக்குப் பிறகு பிறந்தது. இப்படி எண்ணினால் ஒரே குட்டியை இரண்டு தடவை எண்ண வாய்ப்பில்லை. பெரிய கரைகளில் பருவம் முழுக்கப் பல தடவை வானிலிருந்து படமெடுத்து, பிறப்பு ஏறி இறங்குகிற வளைவை வரைந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். இரண்டு ஊர்களை ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. பிரிட்டனைச் சுற்றி இந்தப் பருவம் கடிகார முள் போலச் சுழல்கிறது: தென்மேற்கில் கோடை முடிவில் தொடங்கி, ஸ்காட்லாந்தைச் சுற்றி, கிழக்குக் கரைக்கு வரும்போது நவம்பர் ஆகிவிடும். அக்டோபர் நடுவில் மேற்கிலுள்ள வேல்ஸையும் கிழக்குக் கரையிலுள்ள நார்ஃபோக்கையும் ஒரே நாளில் எண்ணி ‘நார்ஃபோக்கில் கடல்நாயே இல்லை’ என்று சொன்னால் சிரிப்பார்கள்.

குட்டிகளைச் சரியாகவே எண்ணிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். குட்டி குறைந்தால் தாய் செத்துவிட்டது என்று பொருளா? அண்டார்டிகாவின் மக்மர்டோ சவுண்ட் என்ற கடற்பகுதியில், எரிபஸ் விரிகுடாவில் வாழும் வெடல் கடல்நாய்களுக்கு 1960களின் இறுதியிலிருந்து எண் போட்ட அடையாளப் பட்டை கட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்தொடர்கிறார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ராஸ் பனிப்பாறைத் தட்டிலிருந்து பி-15 என்ற மாபெரும் பனிமலை பிய்த்துக்கொண்டு வந்தது. அதன் துண்டுகள் பக்கத்தில் வந்து அடைத்ததில் சில ஆண்டுகள் கடற்பனி உடைந்து வெளியேறவில்லை. குட்டிகள் மளமளவெனக் குறைந்தன. குட்டி எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு அது பேரழிவாகத் தெரிந்திருக்கும். பட்டை எண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு: வளர்ந்த பெண்களில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன. அந்த ஆண்டுகளில் ஈனாமல் ஒதுங்கிக்கொண்டன, அவ்வளவுதான். கெட்ட ஆண்டில் குட்டியை விட்டுக்கொடுத்து உயிரைக் காத்துக்கொள்வது நீண்ட ஆயுள் உள்ள பிராணியின் குணம்.

ஏன் அப்படி? இதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். முதிர்ந்த பெண் ஒன்று, ஆண்டுக்கு ஆண்டு பிழைக்கிற வாய்ப்பு 95 சதவீதம் என்று வையுங்கள். முதுமைத் தளர்ச்சியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதற்குச் சராசரியாக 20 ஈனும் பருவங்கள் கிடைக்கும். வாய்ப்பு 90 சதவீதமானால்? பத்துதான். ஐந்து சதவீதப் புள்ளி சரிந்ததில் வாழ்நாள் குட்டிகள் பாதியாகிவிட்டன. அதை ஈடுகட்ட, தப்பிப் பிழைக்கிற குட்டிகளின் விகிதம் இரட்டிப்பாக வேண்டும். நடக்கிற காரியமா?

நடக்கும் என்று நம்பி அமெரிக்க அரசாங்கமே இறங்கியது. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலின் பிரிபிலோஃப் தீவுகளில், ஃபர் சீல் என்கிற அடர்ந்த ரோமமுள்ள கடல்நாய் வகையைத் தோலுக்காக வேட்டையாடி, நடுக்கடலில் துப்பாக்கியால் சுட்டு, கூட்டத்தைச் சீரழித்திருந்தார்கள். 1911இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா நான்கும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக் கடல் வேட்டையை நிறுத்தின. பிறகு கரையில் இளம் ஆண்களை மட்டும் கொன்றார்கள். கூட்டம் பெருகிக்கொண்டே போனது. ஒரு ஆண் பல பெண்களோடு கூடுகிற இனம் இது. உபரி ஆண்கள் போனாலும் பிறப்பு குறையவில்லை. அதைப் பார்த்த நிர்வாகத்துக்கு ஆசை வந்தது. கூட்டம் நெருக்கடியாகிவிட்டது, பெண்களையும் கொஞ்சம் குறைத்தால் மிச்சமிருப்பவை நன்றாகத் தின்று கூடுதலாகக் குட்டி போடும், குட்டிகளும் கூடுதலாகப் பிழைக்கும் என்று கணித்தார்கள். 1956 முதல் 1968 வரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பெண் சீல்களைக் கொன்றார்கள். குட்டிகள் குறைந்தன, எதிர்பார்த்த ஈடு வரவில்லை. ஆண்களிடம் பலித்த கணக்கைப் பெண்களிடம் போட்டதுதான் பிழை. நெரிசல் குறைந்தால் பிழைப்பு கூடும் என்கிற தத்துவத்தை நான் மறுக்கவில்லை. எந்த வயதில், எந்தப் பாலில், எவ்வளவு என்று அளக்காமல் அதைக் கத்தியாக்கியதைத்தான் குறை சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில் தொடங்கிய அடுத்த சரிவை அந்தக் கொலைக்கணக்கு மட்டுமே விளக்கவும் இல்லை.

அதே கடலில் போகோஸ்லோஃப் என்ற சின்ன எரிமலைத் தீவு இருக்கிறது. 1980இல்தான் அங்கே முதல் ஃபர் சீல் குட்டிகள் தென்பட்டன. இன்று பல்லாயிரம் பிறக்கின்றன. 2016 டிசம்பரிலிருந்து சில மாதங்கள் எரிமலை குமுறி, தீவின் வடிவமே மாறியது, சீல்கள் விடவில்லை. இந்த வேகத்தைக் கண்டு ‘ஃபர் சீல் ஆண்டுக்கு இவ்வளவு பெருகும்’ என்று சூத்திரம் எழுதினால் தப்பு. ஒரு பெண் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், முதல் குட்டிக்கே ஐந்தாறு வயதாகும். அங்கே பிறந்தவற்றால் மட்டும் அந்த வளர்ச்சி வந்திருக்க முடியாது. வேறு கரையில் பிறந்தவையும் குடியேறியிருக்கின்றன. ஒரு தீவு பெருகுவதும் இனம் பெருகுவதும் வேறு வேறு.

எண்ணிக்கை மீண்டால் இனம் மீண்டுவிட்டது என்பதும் அவசர முடிவுதான். வட யானைக் கடல்நாய்களை எண்ணெய்க்காகக் கொன்று தீர்த்து, 1892இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவில் எட்டே எட்டைப் பார்த்த ஆய்வுக் குழு அவற்றிலும் ஏழைக் கொன்றது, அருங்காட்சியகத்துக்காம். எங்கோ ஒளிந்திருந்த சிலவற்றிலிருந்து இன்று இரண்டு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டன. ஆனால் 1974இல் வெளியான ஓர் ஆய்வு ரத்தப் புரதங்களைச் சோதித்தபோது, பார்த்த 24 மரபணு இடங்களிலும் வேறுபாடே தென்படவில்லை. எண்ணிக்கை மீண்டது, மரபு வேறுபாடு மீளவில்லை. போதாக்குறைக்கு, இந்த இனத்தில் சில ஆண்களே பெரும்பாலான பெண்களோடு கூடுகின்றன. தலைகள் லட்சமானாலும் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன்கள் சிலர்தான்.

கடைசியாக, அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பம். 2023 அக்டோபரில் அங்கே பறவைக் காய்ச்சல் வந்து தென் யானைக் கடல்நாய்க் குட்டிகளில் சுமார் 97 சதவீதம் மாண்டன, 17,000க்கு மேல். மணலில் கிடந்த குட்டிகளின் படங்களைத்தான் உலகம் பார்த்தது. ஒரு ஆண்டுக் குட்டிகள் போனதை நீண்ட ஆயுள் உள்ள இனம் தாங்கும். ஆகவே நான் தேடியது அடுத்த ஆண்டின் குட்டி எண்ணிக்கையை அல்ல, கரையேறிய தாய்களின் எண்ணிக்கையை. 2024இல் அதுவும் வெகுவாகக் குறைந்திருந்தது.