லோடு ஏத்துன சைக்கிள்ல ரெண்டு பேரா நீலகிரி ஏறி இறங்குறது எப்படி

புருஷன் பொண்டாட்டியா சைக்கிள்ல பை எல்லாம் கட்டிக்கிட்டு மலை ஏறணும்னு நிறைய பேரு கேக்குறாங்க, அதனால நாங்க பழகுன ரூட்டையே வெச்சு எழுதுறேன். மேட்டுப்பாளையம் - கோத்தகிரி - ஊட்டி - மஞ்சூர் - கெத்தை - காரமடை, 4 நாள். ஒரு நாள்ல இதுல பாதிய முடிக்கிற ஆளுங்களும் இருக்காங்க, ஆனா அவங்க முதுகுல ஒரு சின்ன பை மட்டும்தான் இருக்கும். லோடோட, ரெண்டு பேரும் சேந்தே போகணும்னா அது வேற கணக்கு.

முதல்ல எடைய பங்கு போடுறத சொல்லிடுறேன், ஏன்னா ஜோடியா போறவங்க பெரும்பாலும் தப்பு பண்ற இடம் அதுதான். முதல் தடவை போனப்ப எங்க சாமான் மொத்தம் 18 கிலோ, ஆளுக்கு 9 கிலோன்னு சரிபாதியா பிரிச்சு கட்டிட்டோம், நியாயமாத்தான் தெரிஞ்சுது. நான் 54 கிலோ, என் சைக்கிள் 14, பை 9, மொத்தம் 77. என் வீட்டுக்காரரு 76 கிலோ, சைக்கிள் 15, பை 9, மொத்தம் 100. மொத்த எடைய அவங்கவங்க உடம்பு எடையால வகுத்துப் பாத்தா எனக்கு 1.43, அவருக்கு 1.32. அதாவது ஒரே வேகத்துல ஏறணும்னா என் உடம்பு ஒவ்வொரு கிலோவுக்கும் அவர விட அதிகமா உழைக்கணும். அன்னிக்கு பாதி வழியிலயே எனக்கு மூச்சு இரைச்சு போச்சு, அவரு ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னு காத்திருந்தே சோர்ந்துட்டாரு. அடுத்த தடவை எனக்கு 5 கிலோ, அவருக்கு 13 கிலோ. இப்ப எனக்கு 1.35, அவருக்கு 1.37. அவ்வளவுதான் மாத்தினோம், ரெண்டு பேரும் பேசிக்கிட்டே ஏற முடிஞ்சுது. நீங்களும் வீட்டுல தராசுல ஏறி நின்னு இந்த கணக்க போட்டுட்டு அப்புறம் பைய கட்டுங்க. ஒருத்தரு தினமும் ஓட்டுறவரு, இன்னொருத்தரு எப்பவாவது ஓட்டுறவருன்னா இன்னும் ரெண்டு கிலோ மாத்திக்கலாம், இதுல கௌரவம் பாக்காதீங்க.

டென்ட் வேண்டாம். காட்டுக்குள்ள கண்ட இடத்துல டென்ட் போட அனுமதி கிடையாது, யானையும் காட்டெருமையும் நடமாடுற இடம், எப்படியும் ராத்திரி ஊருக்குள்ள ரூம்லதான் தங்கப் போறீங்க, அப்புறம் எதுக்கு அந்த 4 கிலோ. ஆனா ஸ்வெட்டர், மழைக்கோட்டு, கையுறை விட்டுடாதீங்க, ஊட்டி 2,240 மீட்டர் உயரம், ஜனவரியில விடியக்காலை புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும்.

பைய கட்டும்போது கனமான சாமான் எல்லாம் கீழயும் வண்டிக்கு ஒட்டியும் இருக்கணும். டூல்ஸ், டியூப், பூட்டு எல்லாம் சைடு பையோட அடியில, துணிமணி மேல. எல்லாத்தையும் பின் கேரியர்லயே கட்டினா ஏத்தத்துல முன் சக்கரம் லேசாகி அலைபாயும், எழுந்து நின்னு மிதிச்சா வண்டி வால ஆட்டும். முன்னாடி ஃபோர்க்ல, அதாவது முன் சக்கரத்த பிடிச்சிருக்குற கவைக் கம்பியில, ரெண்டு சின்ன பை மாட்ட வழி இருந்தா மாட்டிக்கோங்க. அப்புறம் கேரியர் போல்ட். இத தினமும் காலையில கையால தொட்டு பாக்கணும், பாத்தா மட்டும் பத்தாது. கோத்தகிரி ரோட்டுல என் கேரியரோட இடது பக்க போல்ட் கழண்டு விழுந்து, பை ஸ்போக்ல உரசற சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினேன், பாட்டில் ஸ்டாண்டுல இருந்து ஒரு போல்ட்ட கழட்டி மாட்டி ஓட்டிட்டோம். அதுல இருந்து எம்5 (5 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட் நாலு, கேபிள் டை பத்து எப்பவும் பையில இருக்கும்.

கியர் விஷயத்துல கறாரா இருங்க. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 330 மீட்டர்தான், அங்கிருந்து 33 கிலோமீட்டர்ல கோத்தகிரி, அதுக்குள்ள 1,400 மீட்டருக்கு மேல ஏறணும். சராசரி பாத்தா நாலரை சதவீதம்தான் வரும், ஆனா ஆரம்பத்துல கொஞ்ச தூரம் சமதளம்ங்கறதால மிச்ச தூரம் இன்னும் செங்குத்து. பக்கத்து மலையில ஊட்டி ரயில் ஏறுதே, அதோட அதிகபட்ச ஏத்தம் 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம், அதுக்கே தண்டவாளத்துக்கு நடுவுல பல்சக்கரப் பாதை போட்டாத்தான் இன்ஜின் ஏறுது. நாம ஏறுற ரோட்டுல கொண்டை ஊசி வளைவுகளோட உள்பக்கம் அதையும் தாண்டும். பெடல் பக்கத்து முன் சக்கரப்பல்லு 22, பின் சக்கரத்துல இருக்குற பெரிய பல்சக்கரத்துல 34 பல் இருந்தா ஒரு சுத்து மிதிச்சா வண்டி 1.35 மீட்டர் நகரும், நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா மணிக்கு 5 கிலோமீட்டர் வரும், நடக்குற வேகம்தான், ஆனா லோடோட ஏற அதுதான் சரியான வேகம். ரோடு பைக்ல இருக்குற மாதிரி முன்னாடி 34, பின்னாடி 28 வெச்சுக்கிட்டு அதே 5 கிலோமீட்டர் வேகத்துல ஏறணும்னா நிமிஷத்துக்கு 33 சுத்துதான் வரும், ஒவ்வொரு மிதியும் முழங்கால்ல இறங்கும். நல்ல பை வாங்குற காசுல முதல்ல பெரிய கேசட் (பின் சக்கரத்துல இருக்குற பல்சக்கர அடுக்கு) மாட்டுங்கன்னுதான் சொல்லுவேன். அதுலயும் யாருக்கு பலம் கம்மியோ அவங்க வண்டிக்கு முதல்ல.

ஏறும்போது மெதுவா போறவங்கதான் முன்னாடி போகணும். எங்க வீட்டுக்காரரு "அம்மணி, நீ முன்னாடி போ, நான் உன் சக்கரத்த பாத்துக்கிட்டே வரேன்"னு சொன்னதுக்கு அப்புறம்தான் எங்க மலைப்பயணமே ஒழுங்கா நடந்துச்சு. பின்னாடி வர்றவருக்கு வேகம் அதிகம்னா அவரு இன்னும் லேசான கியருக்கு மாறிக்கலாம், முன்னாடி போறவங்களால வேகத்த கூட்ட முடியாது.

வளைவுல ஒரு சூட்சுமம். நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டுறோம், அதனால ஏறும்போது வலது பக்கம் திரும்புற வளைவு நமக்கு வெளி வட்டம், ஏத்தம் கம்மியா இருக்கும், அங்க மூச்சு வாங்கிக்கோங்க. இடது பக்கம் திரும்புறது உள் வட்டம், ரோடு சுவரு மாதிரி நிக்கும். வளைவுக்கு பத்து மீட்டர் முன்னாடியே இருக்குறதுலயே லேசான கியருக்கு மாத்திடுங்க, வளைவுக்குள்ள போய் அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாத்தினா செயின் கழண்டுக்கும், இல்ல அறுந்தே போகும். மேல இருந்து பஸ் வர்ற சத்தம் கேட்டா வளைவுக்கு முன்னாடியே இறங்கி ஓரமா நின்னுடுங்க, பஸ்ஸுக்கு அந்த முழு ரோடும் வேணும். நின்ன இடத்துல இருந்து மறுபடி கிளம்ப முடியலன்னா கொஞ்சம் தள்ளிக்கிட்டு போய் ரோடு படுத்த மாதிரி இருக்குற இடத்துல ஏறுங்க. ரொம்ப செங்குத்தா இருந்தா ரெண்டு பேரும் சேந்து ஒரு வண்டிய மேல தள்ளி விட்டுட்டு, இறங்கி வந்து அடுத்த வண்டிய தள்ளுங்க. தனித்தனியா தள்ளி இடுப்ப ஒடிச்சுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

சாப்பாடு பத்தி நிறைய சொல்ல வேண்டியதில்ல. காலையில இட்லி, பையில கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்பு போட்ட எலுமிச்சை தண்ணி, பசிக்கிறதுக்கு முன்னாடியே அரை மணிக்கு ஒரு வாய். நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு தடை, அதனால ஸ்டீல் பாட்டில் ஆளுக்கு ரெண்டு வெச்சுக்கிட்டு தண்ணி ஏடிஎம்ல பிடிச்சுக்கோங்க.

எப்ப போறதுன்னா ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும். மே மாசம் வேண்டவே வேண்டாம், கூட்டம் ஒரு பக்கம், சீசன்ல ஏறுற வண்டி குன்னூர் வழி, இறங்குற வண்டி கோத்தகிரி வழின்னு ஒருவழி ஆக்கிடுவாங்க. அக்டோபர் - டிசம்பர் மழையில மலை சரியும், 2009 நவம்பர்ல நீலகிரி மண்சரிவுல 40 பேருக்கு மேல இறந்தாங்க, அந்த மாசங்கள்ல மழை எச்சரிக்கை வந்தா ரூம் அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லன்னு ட்ரிப்ப தள்ளி வெச்சுடுங்க.

இப்ப இறக்கம். பயப்பட வேண்டியது ஏத்தத்துக்கு இல்ல, இதுக்குத்தான். மஞ்சூர்ல இருந்து கெத்தை வழியா கீழ வர்ற ரோட்டுல 43 கொண்டை ஊசி வளைவு, ரோடு குறுகல், ஒரு பக்கம் பள்ளம். ஒரு கணக்கு சொல்றேன். அவரு வண்டியோட சேத்து 104 கிலோ, அது 1,000 மீட்டர் கீழ இறங்கினா வர்ற சூடு கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கப் போதும். காத்து கொஞ்சம் வாங்கிக்கும், மீதி எல்லாம் அந்த குட்டி பிரேக்குலதான் இறங்குது. அதனால பிரேக்க லேசா பிடிச்சுக்கிட்டே வராதீங்க. நேர் ரோட்டுல விட்டு, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கும் சேத்து நல்லா பிடிச்சு வேகத்த குறைச்சு, வளைவுக்குள்ள விட்டு திரும்புங்க. அஞ்சு வளைவுக்கு ஒரு தடவை நில்லுங்க, வளைவுக்கு நம்பர் போர்டு இருக்கு, "அடுத்து பத்துல நிப்போம்"னு பேசி வெச்சுக்கலாம், போன் சிக்னல நம்ப வேண்டியதில்ல. அப்படி ஒரு இடத்துல நின்னு அவரு டிஸ்க் பிரேக்கோட வட்டத் தகடு மேல பாட்டில்ல இருந்து ஒரே ஒரு சொட்டு தண்ணி சிந்துச்சு, தோசைக்கல்லுல விழுந்த மாதிரி சுர்ருன்னு ஆவியாச்சு, அந்தத் தகட்ட அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேட் கருகுற வாசனை வேற. அத விரல்ல தொட்டு பாக்காதீங்க, வேணும்னும் தண்ணி ஊத்தாதீங்க, தானா ஆறட்டும். சக்கர விளிம்பையே பிடிக்கிற ரிம் பிரேக்கா இருந்தா இன்னும் ஜாக்கிரதை, ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். இறங்கும்போது மட்டும் ரெண்டு பேருக்கும் நடுவுல நல்ல இடைவெளி விடுங்க, ஒருத்தரு விழுந்தா இன்னொருத்தரு மேல ஏறிடக்கூடாது.

இந்த ரோட்டுல யானை வரும். சைக்கிள் சத்தமே இல்லாம போகுது பாருங்க, அதுதான் ஆபத்து, யானைக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. வளைவுக்கு வளைவு பெல் அடிங்க, சத்தமா பேசிக்கிட்டே போங்க. புது சாணி, ஒடிஞ்ச மூங்கில் கிடந்தா நின்னு, பின்னாடி பஸ்ஸோ ஜீப்போ வர்ற வரைக்கும் காத்திருந்து அதோட சேந்து கடந்துடுங்க. காலைல வெளிச்சம் நல்லா வந்ததுக்கு அப்புறம்தான் மஞ்சூர விட்டு கிளம்பணும், சாயங்காலம் ஆகுறதுக்குள்ள காரமடைப் பக்கம் வந்துடணும். செக்போஸ்ட்ல எந்நேரம் வரைக்கும் விடுவாங்கங்கறத முந்தின நாளே மஞ்சூர்ல டீக்கடையிலயோ ஃபாரஸ்ட் ஆளுங்ககிட்டயோ கேட்டுக்கோங்க, சில நாள் யானைக்கூட்டம் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க. அப்படி அனுப்பினா வாக்குவாதம் பண்ணாம மஞ்சூர்லயே இன்னொரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் வாங்க, அதுக்குன்னு லீவுல ஒரு நாள் சேத்தே போட்டுட்டு கிளம்புங்க.

காரமடை வந்ததும் சாப்பிட உக்காருறதுக்கு முன்னாடி பிரேக் பேட் ரெண்டையும் கழட்டி பாத்துடுங்க. என்னோடது பாதி இருந்துச்சு, 13 கிலோ சுமந்த அவரோடது தேஞ்சு பேடோட அடித் தகடே தெரிய ஆரம்பிச்சிருச்சு, வெச்சிருந்த ஸ்பேர் ஜோடிய அங்கயே மாட்டிட்டுத்தான் கோயமுத்தூருக்கு மிதிச்சோம்.