மும்பையில் கரண்ட் கம்பெனியை மாற்றும் முன் பில்லை இப்படிப் பாருங்கள்

செம்பூர், அந்தேரி, மலாட் பக்கம் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு வீட்டுக்கு யார் கரண்ட் தர வேண்டும் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது இன்னும் தெரியவில்லை. சென்னையில் வீடுகளுக்கு இந்த வசதி கிடையாது, அதனால் இங்கே வந்த பிறகும் யாரும் கேட்பதில்லை. டாடா பவர் வீடுகளுக்கும் விற்கலாம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே, எதிர் கம்பெனியின் கம்பி வழியாகவே விற்பதற்கு மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் வழி செய்தது. புறநகரில் அப்போது ரிலையன்ஸ் இருந்தது, 2018 முதல் அதானி.

முதலில் உங்கள் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தாராவி, மாட்டுங்கா என்றால் பெஸ்ட், முலுண்ட் என்றால் மகாவிதரண். நான் இங்கே சொல்வது அதானி, டாடா இரண்டும் உள்ள புறநகர்ப் பகுதிக்கு மட்டும்.

சரி, எது மலிவு? யூனிட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பலரும் ஏமாறுவது இங்கேதான். பில்லில் எனர்ஜி சார்ஜ், ஃபிக்ஸட் சார்ஜ், வீலிங் சார்ஜ், எரிபொருள் சரிக்கட்டல் என்று பல கட்டணங்கள் இருக்கும், இவற்றுக்கு மேல் வீடுகளுக்கு 16% மின்வரி. வீலிங் என்பது கம்பிக்கான வாடகை. கம்பி மாறாமல் கம்பெனி மட்டும் மாறினால் அந்த வாடகை பழைய கம்பிக்காரரின் விகிதப்படிதான் வரும், அதனால் புது கம்பெனியின் விலைப் பட்டியலில் இருக்கும் வீலிங்கை அப்படியே எடுத்துக் கூட்டினால் கணக்கு தப்பாகிவிடும்.

அப்புறம் ஸ்லாப். 100 யூனிட் வரை ஒரு விலை, 101 முதல் 300 வரை ஒன்று, 301 முதல் 500 வரை ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. மே மாதம் ஏசி ஓடி 340 யூனிட் வந்தால் முதல் 100 ஒரு விலையிலும் அடுத்த 200 இன்னொரு விலையிலும் போகும், மூன்றாவது ஸ்லாப் விலை அந்தக் கடைசி 40க்கு மட்டும்தான். ஒரு கம்பெனி குறைந்த ஸ்லாபில் மலிவாக இருக்கும், இன்னொன்று மேல் ஸ்லாபில். அதனால் பன்னிரண்டு மாத பில்லையும் எடுத்து, ஒவ்வொரு மாத யூனிட்டையும் இரண்டு விலைப் பட்டியலிலும் போட்டுப் பாருங்கள். ஜனவரி பில் ஒன்றை மட்டும் வைத்து மாறினால் கோடையில் கையைக் கடிக்கும்.

இன்று மலிவாக இருப்பது நாளையும் மலிவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆணையம் புது ஆணை போட்டால் விலை மாறும். நிலக்கரி விலை ஏறினால் எரிபொருள் சரிக்கட்டலில் தெரியும். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக டாடாவுக்குப் போனார்கள், பிறகு விலை மாறியதும் திரும்பி வந்தவர்களும் உண்டு. புது ஆணை வரும்போதெல்லாம் கணக்கை மறுபடி போடுவதுதான் புத்திசாலித்தனம்.

விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். பழைய பாக்கி எதுவும் இருக்கக் கூடாது, பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் வாடகைக்கு இருப்பவர்கள் அவரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். உங்கள் வீட்டு மீட்டரை மாற்ற சொசைட்டி (குடியிருப்புச் சங்கம்) முழுவதும் மாற வேண்டியதில்லை. லிஃப்ட், பம்பு மீட்டர்தான் சொசைட்டியின் முடிவு. மீட்டர் மாற்ற ஆள் வரும் நாளில் கீழே மீட்டர் பெட்டி அருகே நின்று பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கை, மீட்டர் எண்ணும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். கடைசி பில்லிலோ பழைய டெபாசிட்டைத் திரும்ப வாங்குவதிலோ தகராறு வந்தால் அந்தப் போட்டோவைக் காட்டலாம்.