வேலூர் மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டருக்குக் குழாய் இணைக்கும் முறை

வேலூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சோலார் ஹீட்டர் பொருத்திய சில வீடுகளில் மார்கழிக் காலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் நூல்போல ஒழுகுகிறது. பெரும்பாலும் கருவியில் குறை இருப்பதில்லை. குழாய்களின் உயரமே தவறியிருக்கும். பம்ப் இல்லாமல் இயங்கும், கண்ணாடிக் குழல்கள் கொண்ட சாதாரண வகைக்கான இணைப்பு முறை இது.

முதலில் கருவியைத் தெற்கு நோக்கி, காலை ஒன்பது முதல் மாலை மூன்று மணி வரை நிழல் படாத இடத்தில் நிறுத்துங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்வதால், தெற்குப் பக்கத்துத் தென்னையின் நிழல் கோடையில் இருப்பதைவிட வெகுதூரம் நீளும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து உயரம். ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் வெளியேறும் துவாரம், ஹீட்டரின் மேலுள்ள வெந்நீர்த் தொட்டியின் உச்சியைவிட ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும். டேங்க் மாடித் தரையிலேயே இருந்தால் மேடை கட்டித்தான் ஆக வேண்டும். 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதால், மேடையைப் பீம் அல்லது சுவர் தாங்கும் இடத்திலேயே கட்டுங்கள்.

குளிர்நீர் லைனை டேங்கிலிருந்து தனியாகக் கொண்டுவாருங்கள். குளியலறைக்குப் போகும் லைனிலிருந்து கிளை எடுத்தால், கீழே பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது வெந்நீர் பின்னோக்கி இழுக்கப்படலாம். இந்த லைனில் தண்ணீரை அடைக்க ஒரு கேட் வால்வும், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு ஒன்றும் (அம்புக்குறி ஹீட்டரை நோக்கியிருக்கும்படி), பிற்பாடு கழற்ற வசதியாக ஒரு யூனியனும் வேண்டும்.

வெந்நீர்த் தொட்டியின் உச்சியில் பொருத்தும் ஏர் வென்ட் குழாயைத்தான் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். நீராவியும் காற்றும் வெளியேறவும், தொட்டி காலியாகும்போது காற்று உள்ளே புகவும் இதைவிட்டால் வேறு வழி கிடையாது. அடைபட்டால் தொட்டி உப்பலாம், அல்லது உள்நோக்கி நசுங்கலாம். ஆகவே அதில் எந்த வால்வும் போடக் கூடாது. அதன் வாய் ஓவர்ஹெட் டேங்கின் நிறைமட்டத்தைவிட ஓரிரு அடி உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் டேங்க் நிரம்பும்போதெல்லாம் அதன் வழியே தண்ணீர் வழியும்.

வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயும் அதற்கே உரிய பசையும் வாங்குங்கள், சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும். பத்து மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளும் என்பதால், கிளாம்ப்புகளை இறுக்கிப் பிடிக்காமல் குழாய் நகர இடம் விடுங்கள். குழாயைக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏற்றி இறக்கவே கூடாது: அந்த மேட்டில் காற்று தங்கி, வெந்நீர் வரத்து நின்றுவிடும். சுவரில் துளையிட்டு, தொட்டியிலிருந்து கீழ்நோக்கிய சரிவாகவே கொண்டுசெல்லுங்கள். வெளியில் செல்லும் பகுதி முழுவதற்கும் இன்சுலேஷன் சுற்றுங்கள்.

பசை நன்றாகக் காய ஒரு நாள் விட்டு, சூரிய உதயத்துக்கு முன் தண்ணீர் நிரப்புங்கள். வெயிலில் காய்ந்த காலிக் குழலில் குளிர்நீர் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும். நிரம்பியதும் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்து, ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், சூடேறும்போது பிரியும் சுண்ணாம்பு தொட்டியின் அடியிலும் குழல்களின் அடியிலும் படியும். தொட்டியில் படிவதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியேற்ற, தொட்டியின் அடியில் வடிகால் வால்வு ஒன்றை இப்போதே பொருத்திவிடுங்கள்.