பிரிட்ஜ் பழக விரும்புவோர் முதலில் கற்க வேண்டிய கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களில், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் வலை வேலை முடிந்து சீட்டுக்கட்டை எடுப்பவர்களுக்கு, பணம் வைக்காமலே முழு ஈடுபாட்டுடன் ஆடக்கூடிய பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடத் தெரிந்தவருக்கு எதிரெதிரே அமரும் ஜோடியும், ஏலம்போலக் கேள்வி கேட்பதும், மற்ற இனங்களை வெல்லும் துருப்பு இனத்தால் வெட்டுவதும் புதியவை அல்ல. ஆனால் இங்கே 52 சீட்டுகளும் ஆளுக்கு 13 ஆகப் பகிரப்படும்; ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் தனிப் பெருமை கிடையாது, ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்பதே வரிசை; துருப்பும் மறைக்கப்படுவதில்லை.

கேள்வியில் ஓர் எண்ணும் ஓர் இனமும் சொல்ல வேண்டும்; எண் 1 முதல் 7 வரை ஏறும். கேட்ட எண்ணுடன் 6 ஐக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகள், அதாவது நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கும் சுற்றுகளில் எத்தனையை வெல்ல வேண்டும் என்பது, கிடைக்கும். கிளாவர், டைமன், ஆர்ட்டின், ஸ்பேட், துருப்பே இல்லாத நோ டிரம்ப் என்பது இனங்களின் ஏறுவரிசை. ஒரு கேள்விக்குப் பின் மூவர் அடுத்தடுத்துப் பாஸ் சொன்னால் அதுவே முடிவு. வென்ற ஜோடியில் அந்த இனத்தை முதலில் சொன்னவரே ஆடுவார். அவருக்கு இடப்புறம் இருப்பவர் முதல் சீட்டை இறக்கியதும், ஜோடிக்காரர் தம் சீட்டுகளை மேசையில் விரித்துவிட வேண்டும். அந்தக் கை டம்மி எனப்படும். அதையும் சேர்த்து ஒருவரே ஆடுவார்.

பலரும் கேட்கும் முறையை முதலில் படித்து, புள்ளிக் கணக்கைத் தள்ளிப்போடுகிறார்கள். இது தலைகீழான வழி என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கணக்குதான் சொல்கிறது. ஒரே கைகளைப் பல மேசைகளில் ஆடி ஒப்பிடும் டூப்ளிகேட் முறையில் கிளாவர், டைமனுக்குப் பிடிக்கு 20, ஆர்ட்டின், ஸ்பேடுக்கு 30, நோ டிரம்ப்புக்கு முதல் பிடி 40, பிறகு 30. கேட்ட பிடிகளின் மதிப்பு 100 ஐத் தொட்டால் அது கேம். அதற்கு 300, வல்னரபிள் (பரிசும் தண்டனையும் கூடுதலாகும் நிலை) ஜோடிக்கு 500 கூடுதலாகக் கிடைக்கும். தொடாவிட்டால் 50 மட்டுமே. ஆகவே ஸ்பேடில் 10 பிடி எடுக்கும் அதே கையில், நான்கு கேட்டவர் 120 உடன் 300 சேர்த்து 420 எழுதுவார். மூன்றோடு நின்றவர் 90, அதிகப் பிடிக்கு 30, மேலும் 50 என 170 தான் எழுதுவார்.

கேட்டதில் குறையும் ஒவ்வொரு பிடிக்கும் எதிரணிக்கு 50, ஆடியவர் வல்னரபிள் ஆனால் 100. கையின் பலத்தை அளக்க ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என எண்ணி, இரு கைகளிலும் சேர்ந்து 25 அளவுக்கு இருக்கும் என்று தோன்றினால் கேமைத் துணிந்து கேளுங்கள். எதிரணி கேட்டதை எடுக்காது என்று சவால்விடும் டபுள் சொல்வதையும் அதன் கணக்கையும் இவை பழகிய பின் எடுத்துக்கொள்ளலாம்.