ஐம்பதை நெருங்கும்போது ஓய்வுக்காலச் சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளப் பட்டியல் பிரிவில் வேலை செய்வதால், ஐம்பதை நெருங்கிய பிறகு சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக் (சிபிஎஃப்) கணக்கைக் கவலையோடு திறந்து பார்க்கும் சக ஊழியர்கள் என்னிடம் விளக்கம் கேட்பதுண்டு. அவர்களில் பலர் என்னுடைய பழைய தவறுகளையே செய்யக் கிளம்பியிருப்பார்கள். தாமதமாகத் தொடங்கியது தவறு என்பது அவர்களுக்கே தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

55 வயதில் எடுத்து வங்கியில் போடுவது

55 வயதில் ஓய்வுக்காலக் கணக்கு தொடங்கப்படுகிறது. 2026இல் அந்த வயதை எட்டுவோருக்கு அதில் ஒதுக்கிவைக்க வேண்டிய முழு ஓய்வுக்காலத் தொகை 220,400 வெள்ளி; 95 வயதுவரை குத்தகை நீடிக்கும் வீடு இருந்தால், அதில் பாதியான அடிப்படைத் தொகையை விட்டுவைத்து மீதத்தை எடுக்க அனுமதி உண்டு. இந்த அனுமதியைத்தான் பலர் கெடு தேதியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கிடங்கில் பணிபுரிந்த ஓர் அண்ணன், "சட்டம் மாறுவதற்குள் எடுத்துவிடு" என்று காப்பிக் கடையில் யாரோ சொன்னதை நம்பி, 50,000 வெள்ளியை எடுத்து வங்கிச் சேமிப்புக் கணக்கில் போட்டார். என்ன தேவைக்காக எடுத்தீர்கள் என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. ஓய்வுக்காலக் கணக்கிலேயே ஆண்டுக்கு 4 விழுக்காட்டு வட்டியில் பத்தாண்டுகள் இருந்திருந்தால் அது ஏறத்தாழ 74,000 வெள்ளியாகியிருக்கும். கைக்கு எட்டும் பணமாக இருந்ததால், மைத்துனருக்குக் கடன், மகனின் காருக்கு முன்பணம் என்று கரைந்தது. 65 வயதில், வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் பணம் தரும் சிபிஎஃப் லைஃப் திட்டத்தின் மாதத்தொகையைப் பார்த்தபோது அவர் திட்டியது அரசாங்கத்தை. காப்பிக் கடை ஆலோசகரை அல்ல! பணம் உண்மையிலேயே தேவைப்பட்டால் 55க்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும், பிறந்தநாள் முடிந்த வாரமே படிவத்தோடு வருபவர்கள் குறைவதில்லை.

சாதாரணக் கணக்கை முழுவதும் மாற்றிவிடுவது

2.5 விழுக்காடு தரும் சாதாரணக் கணக்கிலிருந்து 4 விழுக்காடு தரும் சிறப்புக் கணக்குக்கு 55 வயதுக்குள் பணத்தை மாற்றுவது நல்ல வழிதான். ஆனால் மாற்றிய பணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனைச் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுபவர் குறைந்தது ஓராண்டுத் தவணையையாவது அங்கே விட்டுவைக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு வரிச்சலுகையும் இல்லை. தமது கணக்கை ரொக்கமாக நிரப்பினால்தான், ஆண்டுக்கு 8,000 வெள்ளிவரை வரிச்சலுகை கிடைக்கும்.

டிசம்பர்வரை காத்திருப்பது

வட்டி மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது; அதனால் கணக்கை ஜனவரியிலேயே நிரப்புங்கள்.

அரசாங்கம் ஈடாகச் சேர்க்கும் தொகையைத் தவறவிடுவது

அடிப்படைத் தொகையை எட்டாத, வருமானமும் குறைவாக உள்ள 55 வயதைக் கடந்த குடிமக்கள் ரொக்கமாக நிரப்பும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் இன்னொரு வெள்ளி சேர்க்கிறது. 2025 முதல் அதன் வரம்பு ஆண்டுக்கு 2,000 வெள்ளி, வாழ்நாளில் 20,000 வெள்ளி. பிள்ளைகள் நிரப்பினாலும் இது பொருந்தும்.

எஸ்ஆர்எஸ் பணத்தை முதலீடு செய்யாமல் விடுவது

எஸ்ஆர்எஸ் என்பது விருப்பத்தின்பேரில் சேமிக்கும் துணை ஓய்வுக்காலத் திட்டம். முதலீடு செய்யாமல் விட்டால் அங்கே வட்டி 0.05 விழுக்காடு.